எண்ணெய்த் தொட்டி முதல் செல்லாத நோட்டு வரை: வடசென்னை வாசகர்கள் கேட்டவை

இருபதாம் நூற்றாண்டின் போர்கள், சர்வாதிகார ஆட்சிகள் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ராயபுரம், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கத்தவை. துறைமுகமும் ஆலைகளும் ரயில் யார்டும் உள்ள இடம் அது. எங்கோ மூண்ட சண்டை அங்கே அரிசி விலையாகவும் கூலிப் பிரச்சினையாகவும் அகதிக் குடியிருப்பாகவும் வந்து இறங்கியிருக்கிறது. கேள்விகளும் அப்படியே வந்திருக்கின்றன.

கேள்வி (ராயபுரம் வாசகர்): குறும்பு செய்யும் பையனை "சரியான எம்டன்" என்பார் எங்கள் பாட்டி. எம்டன் கப்பல் சென்னையைத் தாக்கியதாமே, ஜெர்மனிக்காரனுக்கு இங்கே என்ன வேலை? செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தது உண்மையா?

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் நடந்தது. முதல் உலகப் போர் தொடங்கி ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் வந்த எம்டன், துறைமுகத்துக்கு எதிரே சுமார் மூவாயிரம் கஜம் தள்ளி நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்மீது தேடுவிளக்கைப் பாய்ச்சிச் சுட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலில் இருந்தவர்கள் உட்படச் சிலர் இறந்தார்கள். கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டபோது எம்டன் விளக்கை அணைத்துவிட்டு விலகிப் போய்விட்டது.

ஊரைப் பிடிக்கும் எண்ணம் அதற்கு இல்லை, ஒற்றைக் கப்பலால் அது முடியவும் முடியாது. வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்கள் ஓடாமல் செய்வதுதான் நோக்கம். கப்பல் புறப்படாவிட்டால் கல்கத்தாவிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் பிரிட்டனுக்குச் சரக்குப் போகாது, காப்பீட்டுக் கட்டணம் ஏறும். பிரிட்டிஷ் கடற்படை நம்மைக் காக்கும் என்று மக்கள் வைத்திருந்த நம்பிக்கையும் ஆட்டம் காணும். தொட்டி எரிந்த நட்டத்தைவிட, மறுநாள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையங்களில் குவிந்த கூட்டம்தான் முல்லருக்குப் பெரிய வெற்றி. அந்த அச்சமும் வியப்பும் கலந்துதான் "எம்டன்" தமிழில் தந்திரசாலிக்குப் பெயரானது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடித்து முடக்கியது. எம்டன் குண்டு விழுந்த நினைவுக் கல் உயர்நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் இன்றும் இருக்கிறது.

செண்பகராமன் பிள்ளை அதில் வந்தார் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது. 1914-ல் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இந்திய விடுதலைக்காகக் குழு நடத்திக்கொண்டிருந்தார். பிறகு பெர்லினுக்குப் போனார். அந்த உழைப்பே போதிய பெருமை. கப்பல் கதை அவருக்குத் தேவையில்லை.

கேள்வி (கொருக்குப்பேட்டை, பிளஸ் டூ மாணவி): ஓர் இளவரசரைச் சுட்டதால் உலகப் போர் வந்தது என்று பாடத்தில் இருக்கிறது. ஒரு கொலைக்காகவா இத்தனை நாடுகள் அடித்துக்கொண்டன?

ஆஸ்திரிய இளவரசரின் கொலை நடந்தது 1914 ஜூன் 28-ல், சரயேவோவில். அதற்குப் பின்னால் செர்பியா இருக்கிறது என்று சொல்லி ஆஸ்திரியா அதன்மீது போர் அறிவித்தது ஜூலை 28-ல். நடுவில் முழுதாக ஒரு மாதம். அந்த மாதத்தில் பேசித் தீர்த்திருக்கலாம். ஏன் முடியவில்லை என்று தேர்வில் கேட்டால் ரயிலைப் பற்றி எழுதுங்கள்.

அன்றைய படைகள் ரயிலில்தான் போர்முனைக்குப் போயின. எந்தப் படைப்பிரிவு எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு ஏறும், எந்தப் பாலத்தை எப்போது கடக்கும் என்று ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அட்டவணை போட்டு வைத்திருந்தார்கள். ஜெர்மனிக்குக் கிழக்கே ரஷ்யா, மேற்கே பிரான்ஸ். ரஷ்யப் படை திரள ஆறு வாரம் ஆகும், அதற்குள் பிரான்சை வீழ்த்திவிட்டுக் கிழக்கே திரும்ப வேண்டும் என்பது அவர்களுடைய திட்டம். இதில் ஒரு பொறி இருந்தது. ரஷ்யா படை திரட்ட ஆரம்பித்துவிட்டால் அந்த ஆறு வாரக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஜெர்மனி காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அதற்கு நட்டம். போதாக்குறைக்கு, பிரான்சுக்குப் போகும் வழி பெல்ஜியம் ஊடாக. அங்கே லியேஜ் கோட்டையை உடனே பிடித்தாக வேண்டும்.

செர்பியாவுக்கு ஆதரவாக ரஷ்யா ஜூலை 30-ல் முழுப்படை திரட்டலுக்கு ஆணையிட்டது. ஆகஸ்ட் 1-ல் ஜெர்மனி ரஷ்யாமீதும், 3-ல் பிரான்ஸ்மீதும் போர் அறிவித்தது. 4-ல் பெல்ஜியத்துக்குள் நுழைந்ததும் பிரிட்டன் இறங்கியது. பிரிட்டன் இறங்கினால் சென்னையும் இறங்கியதாகத்தான் கணக்கு. யாரும் நம்மைக் கேட்கவில்லை. ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மன் பேரரசர், படையைக் கிழக்கே மட்டும் அனுப்ப முடியுமா என்று தளபதி மோல்ட்கேயைக் கேட்டார். பத்து லட்சக்கணக்கான ஆட்களுக்கான ஏற்பாட்டைக் கடைசி நிமிடத்தில் திருப்ப முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். கொலோன் நகரத்து ரைன் பாலத்தை மட்டும் ஆகஸ்ட் 2 முதல் 18 வரை 2,150 படை ரயில்கள் கடந்தன. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒன்று.

கேள்வி (புளியந்தோப்பு வாசகர்): பின்னி ஆலைச் சங்கம் உலகப் போரால் உருவானது என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். சரியா?

போரால் மட்டும் என்று சொன்னால் சங்கம் கட்டியவர்களின் உழைப்பு மறைந்துபோகும். ஆனால் போர் விலைவாசி இல்லாமல் அது அந்த ஆண்டில் வந்திருக்காது. கப்பல்கள் படைக்குப் போனதால் மான்செஸ்டர் துணி வரத்து சுருங்கியது. துணி, மண்ணெண்ணெய், உப்பு, அரிசி எல்லாம் ஏறின. பின்னி நிறுவனத்தின் பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளுக்கோ காக்கித் துணி ஆர்டர் குவிந்தது. ஆலைக்கு லாபம் ஏறியது, கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்றார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுதான். அதே ஆண்டு செப்டம்பரில் சென்னையில் தானியக் கடைகளும் துணிக் கடைகளும் சூறையாடப்பட்டன. 1921 வேலைநிறுத்தத்தில் உங்கள் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததும் துப்பாக்கிச் சூடு நடந்ததும் இந்தத் தொடர்ச்சியில் வருபவைதான். வேலைக்குப் போகலாமா கூடாதா என்ற பிளவு சாதிப் பிளவாக மாறியதுதான் அதில் நெஞ்சை அறுக்கும் பகுதி. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் அதில் பட்ட பாடு இன்னும் போதுமான அளவு பேசப்படவில்லை.

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்): வெர்சாய் ஒப்பந்த அபராதம், அதனால் பணவீக்கம், அதனால் ஹிட்லர் என்றுதான் முப்பது ஆண்டு பாடம் நடத்தினேன். இப்போது அது தவறு என்கிறார்களே?

முழுத் தவறு இல்லை ஐயா. ஆனால் நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போகிறது, அதுதான் முக்கியமானது.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி கட்ட வேண்டிய அபராதத் தொகை 1921-ல் 13,200 கோடி தங்க மார்க் என்று முடிவானது. அதை மூன்று வகைப் பத்திரங்களாகப் பிரித்திருந்தார்கள். அதில் 8,200 கோடிக்கான மூன்றாம் வகை, வசூலாகும் என்று எழுதியவர்களே நம்பாத ஒன்று. நேச நாடுகளின் உள்ளூர் வாக்காளர்களுக்குக் காட்டப் பெரிய எண் வேண்டியிருந்தது. உண்மையான கோரிக்கை 5,000 கோடி. அதுவும் சிறிய சுமை என்று சொல்ல வரவில்லை.

1923 ஜனவரியில், பாக்கி வைத்ததற்காக பிரான்சும் பெல்ஜியமும் ரூர் தொழிற்பகுதியைப் பிடித்தன. ஜெர்மன் அரசு அங்கிருந்த தொழிலாளர்களை வேலை செய்யாதீர்கள், சம்பளம் நாங்கள் தருகிறோம் என்றது. அந்தச் சம்பளத்துக்கு வரி வருமானம் இல்லை, நோட்டு அச்சடித்தார்கள். நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். புது நாணயம் வந்ததும் சில வாரங்களில் அது நின்றுவிட்டது.

இப்போது தேர்தல் கணக்கைப் பாருங்கள். பணவீக்கம் முடிந்து நாலரை ஆண்டு கழித்து, 1928 மே தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்த வாக்கு 2.6 சதவீதம். பணவீக்கம் நேராக ஹிட்லரைக் கொண்டுவந்தது என்றால் இந்த எண்ணுக்கு விளக்கம் இல்லை. 1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை விழுந்ததும் ஜெர்மனி நம்பியிருந்த குறுகியகாலக் கடன்கள் திரும்பப் போயின. அப்போதைய பிரதமர் புரூனிங், கிடைத்த பாடம் பணவீக்கம் கூடாது என்பதுதான் என்று நினைத்து நேர் எதிர்ப் பக்கம் போனார். அரசுச் சம்பளத்தையும் வேலையில்லாதோர் உதவித்தொகையையும் வெட்டினார், வரியை ஏற்றினார். 1932 தொடக்கத்தில் வேலையில்லாதோர் அறுபது லட்சம் பேர். நாஜி வாக்கு 1930 செப்டம்பரில் 18.3, 1932 ஜூலையில் 37.3 சதவீதம். பாடத்தில் விட்டுப்போன கண்ணி இந்த வேலையின்மையும் வெட்டும்தான். பணவீக்கம் செய்தது வேறு. நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பை அழித்து, குடியரசின்மேல் இருந்த நம்பிக்கையைக் கரைத்து வைத்தது.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சுதந்திரமான தேர்தல் எதிலும் ஹிட்லருக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 1932 நவம்பரில் வாக்கு 33.1 சதவீதமாகக் குறைந்தும்விட்டது. இறங்குமுகத்தில் இருந்தவரை 1933 ஜனவரி 30-ல் பிரதமராக அமர்த்தியவர் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க். அமைச்சரவையில் நாஜிகள் மூவர்தான், மற்றவர்கள் பழைமைவாதிகள், கடிவாளம் நம் கையில் என்று அவர்கள் நம்பினார்கள்.

அதற்குப் பிறகு நடந்த வரிசையைக் கரும்பலகையில் தேதியோடு எழுதிப் போடத் தகும். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே அரசமைப்பின் 48-ஆம் பிரிவின்கீழ் அவசர ஆணை: பேச்சு, பத்திரிகை, கூட்டம், வீட்டுச் சோதனைக்கு எதிரான பாதுகாப்பு எல்லாம் நிறுத்திவைப்பு. மார்ச் 23-ல் அமைச்சரவையே சட்டம் இயற்றலாம் என்ற அதிகாரச் சட்டம் நிறைவேறியது; ஆதரவு 444, எதிர்ப்பு 94. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் 81 பேரும் உள்ளே வரவே முடியவில்லை. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். ஏப்ரல் 7-ல் யூதர்களும் எதிர்ப்பாளர்களும் அரசுப் பணியிலிருந்து நீக்கம். மே 2-ல் தொழிற்சங்க அலுவலகங்கள் பறிமுதல். ஜூலை 14-ல் ஒரே கட்சி. ஐந்தரை மாதத்தில் முடிந்த வேலை. ஒவ்வொரு படிக்கும் ஒரு தாள், ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை இருந்தது. இவ்வளவு எளிதானதற்குக் காரணம், அவசர ஆணையால் ஆள்வது அதற்கு மூன்று ஆண்டு முன்பே பழகிப்போயிருந்ததுதான். 1932-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் ஐந்தே ஐந்து. அவசர ஆணைகள் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல்.

கேள்வி (திருவொற்றியூர், இல்லத்தரசி): ரேஷன் கடை உலகப் போரில் வந்தது என்கிறார்களே, நம் ஊரில் சண்டையே நடக்கவில்லையே அம்மா?

சண்டை நடந்தது பர்மாவில். நம் சோறு வந்ததும் அங்கிருந்துதான். போருக்கு முன் ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பர்மா அரிசி இந்தியாவுக்கு வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் அது அடியோடு நின்றது. ஏப்ரலில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடாவில் குண்டு விழ, சென்னையில் அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. ஊரே பாதி காலியானது.

வங்காளத்தில் இது பஞ்சமானது. வரத்து நின்றது ஒரு காரணம்தான். ஜப்பானியர் வந்தால் பயன்படக் கூடாது என்று கடலோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றும் படகுகளையெல்லாம் அரசு பிடுங்கியது அல்லது அழித்தது. ஆற்றுப் பாசன நாட்டில் படகு போனால் நெல்லும் நகராது, மீனும் பிடிபடாது. 1942 அக்டோபரில் புயல். போர்ச் செலவுக்கு அச்சடித்த பணத்தால் விலை ஏற்றம். அண்டை மாகாணங்கள் தானியத்தை வெளியே விடவில்லை. இருந்த அரிசி கல்கத்தா ஆலைத் தொழிலாளர்களுக்கும் படைக்கும் முதலில் போனது. கிராமத்துக் கூலிக்காரர்களும் மீனவர்களும் செத்தார்கள். பஞ்சம் என்று அரசு முறைப்படி அறிவிக்கவே இல்லை. அறிவித்தால் பஞ்சச் சட்டத்தொகுப்பின்படி நிவாரணம் தந்தாக வேண்டும். இறந்தவர்கள் இருபது முதல் முப்பது லட்சம் என்பது பிற்கால மதிப்பீடு.

அதன் பிறகுதான், 1943-ல் கிரிகரி குழு, லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் ரேஷன் வேண்டும், வளர்ந்த ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் என்று பரிந்துரைத்தது. ஒரு பவுண்டு என்றால் 450 கிராம் சொச்சம். சென்னை மாகாணத்தில் 1952-ல் ராஜாஜி அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார். நீங்கள் இன்று அரிசி வாங்கும் கடை 1965-ல் வந்த இந்திய உணவுக் கழகத்தையும் 1972-ல் வந்த மாநில நுகர்பொருள் வாணிபக் கழகத்தையும் நம்பி நிற்பது. ஆனால் குடும்ப அட்டை, தலைக்கு இவ்வளவு என்ற அளவு, பேட்டைக்கு ஒரு கடை என்ற முறை போர்க்காலத்தில் பழகியது.

கேள்வி (வியாசர்பாடி வாசகர்): எங்கள் தாத்தா பர்மாவில் கடை வைத்திருந்தவர். 1964-ல் வெறும் கையோடு வந்தார். "நோட்டு செல்லாது என்றுவிட்டான்" என்று மட்டும் சொல்வார். என்ன நடந்தது?

தாத்தா சொன்னது சரி, ஆனால் அது கடைசி அடி. முதல் அடி அதற்கு முப்பது ஆண்டு முன்பே விழுந்தது.

1930-ல் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. பர்மிய விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் நிலத்தை இழந்தார்கள். கடன் கொடுத்தவர்களில் நம் செட்டியார்கள் முக்கியமானவர்கள். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் கையிலிருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-க்குள் 25 சதவீதம். அவர்களுக்கு நிலம் வேண்டாம், பணம்தான் வேண்டும். நிலம் அவர்கள் தலையில் வந்து விழுந்தது என்பதுதான் பொருளாதார உண்மை. ஆனால் நிலத்தை இழந்தவனின் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. 1930-லும் 1938-லும் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம். அடிபட்டவர்கள் வட்டிக்கு விட்டவர்கள் அல்லர், துறைமுகக் கூலிகளும் சிறு கடைக்காரர்களும்தான்.

1941 டிசம்பர் 23-ல் ரங்கூன்மீது ஜப்பானியக் குண்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் நான்கைந்து லட்சம் இந்தியர்கள் அரக்கான் மலை வழியாகவும், தாமு–இம்பால் பாதையிலும், ஹுகாவங் பள்ளத்தாக்கு வழியாகவும் நடந்தே வந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். போர் முடிந்ததும் ஒரு பகுதியினர் திரும்பிப் போய்க் கடையைத் திறந்தார்கள். உங்கள் தாத்தாவும் அப்படித் திரும்பியவராக இருக்கலாம்.

1962 மார்ச் 2-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-ல் நிறுவனங்களை அரசுடைமையாக்கும் சட்டம். 1964 மார்ச்சில் கடைகளையே எடுத்துக்கொண்டார்கள். அரசு ஆட்கள் வந்து சரக்கைக் கணக்கெடுத்து, பெயர்ப்பலகையை மாற்றிவிட்டுப் போனார்கள். மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். சில்லறை வியாபாரம் முழுக்க ரொக்கத்தில் நடந்த ஊர் அது. கடையை இழந்தவரிடம் மிஞ்சியிருந்தது பெட்டியிலிருந்த நோட்டுக் கட்டு மட்டுமே. அதுவும் போனது. கப்பல் ஏறும்போது நகைக்கும் பணத்துக்கும் கடுமையான வரம்பு இருந்தது. அறுபதுகளின் முடிவுக்குள் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள்.

அப்படி இறங்கியவர்களுக்குத்தான் வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் குடியிருப்புகள், கடற்கரை ரயில் நிலையத்தருகே பர்மா பஜார். அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் தள்ளுவண்டி வந்த வழியும் இதுதான். தமிழ்நாட்டில் பிழைக்க முடியாமல் மணிப்பூர் வழியாகப் பர்மாவுக்கே திரும்பிப் போகப் பார்த்தவர்கள் எல்லையில் தடுக்கப்பட்டு மோரே என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கம், கோயில் எல்லாம் உண்டு.

வியாபாரிகளை விரட்டியதால் பர்மிய விவசாயி வாழ்ந்தானா என்றால், இல்லை. நெல்லை அரசு மட்டுமே, தான் வைத்த குறைந்த விலைக்கு வாங்கியது. அதற்குமேல் விளைவிக்க விவசாயிக்கு என்ன தேவை? போருக்கு முன் ஆண்டுக்கு முப்பது லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்து உலகில் முதலிடத்தில் இருந்த நாடு, அறுபதுகளின் முடிவில் ஐந்து லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது. 1985-லும் 1987-லும் மீண்டும் நோட்டுகளைச் செல்லாமல் ஆக்கினார்கள்.  இந்த முறை சேமிப்பை இழந்தவர்கள் பர்மியர்களே. அடுத்த ஆண்டு, 1988 ஆகஸ்ட் 8-ல் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ராணுவம் சுட்டுத் தள்ளியது.

கேள்வி (தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவர்): கேள்வி கேட்க ஆள் இல்லாத ஆட்சியில் வேலை சீக்கிரம் நடக்கும். சீனா அப்படித்தானே முன்னேறியது? இங்கே ஒரு பாலம் கட்டவே பத்து வருடம்.

பால வேலை இழுபடும் கோபம் நியாயமானது தம்பி. ஆனால் சீக்கிரம் நடந்த ஒரு வேலையை முழுதாகப் பாருங்கள்.

1958-ல் மாவோ அரசு சில மாதங்களிலேயே சீனக் கிராமங்கள் முழுவதையும் கம்யூன் எனும் பெரிய கூட்டுப் பண்ணைகளாக்கியது. வீட்டு அடுப்பு போய்ப் பொதுச் சமையல்கூடம் வந்தது. எஃகு உற்பத்தியை ஒரே ஆண்டில் இரட்டிப்பாக்க வேண்டும் என்று இலக்கு வைத்து, கொல்லைப்புற உலைகளில் ஏர்க்கொழுவையும் சட்டியையும் உருக்கினார்கள். வந்த இரும்பில் பெரும்பகுதி எதற்கும் உதவாத கட்டி. ஆட்கள் உலைக்குப் போனதால் விளைந்த பயிர் வயலிலேயே அழுகியது. தானியம் தின்கிறது என்று சிட்டுக்குருவிகளைக் கொன்றார்கள். பூச்சி பெருகியது, 1960-ல் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது கணக்கு. கம்யூன் அதிகாரி உண்மை விளைச்சலைச் சொன்னால் பிற்போக்குவாதி என்ற பட்டம். ஆகவே கூட்டிச் சொன்னார். மேலே இருப்பவர் அதற்கு மேல் கூட்டினார். 1958 விளைச்சல் 37.5 கோடி டன் என்று அறிவித்தார்கள், உண்மையில் 20 கோடி. 1959-ல் அது 17 கோடியாகவும், 1960-ல் 14 கோடி சொச்சமாகவும் விழுந்தது. ஆனால் அரசு கொள்முதல் பொய்க்கணக்கின்படி நடந்தது. தரவேண்டிய பங்கு போக உண்ண எதுவும் மிச்சமில்லை. நெல் பதுக்கல் என்று வீடு வீடாகச் சோதனை வேறு. அந்த 1959-ல் 42 லட்சம் டன் தானியம் ஏற்றுமதியும் ஆனது. லூஷான் மாநாட்டில் பாதுகாப்பு அமைச்சர் பெங் தேஹுவாய் நிலைமையைக் கடிதமாக எழுதிக் கொடுத்தார். பதவி போனது. அதைப் பார்த்த மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள, பஞ்சம் மேலும் இரண்டு ஆண்டு நீண்டது. இறந்தவர்கள் ஒன்றரைக் கோடி முதல் நான்கரைக் கோடி வரை என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

நீங்கள் சொல்லும் முன்னேற்றம் 1978-க்குப் பிறகு வந்தது. விவசாயிக்கு நிலப் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்து, அவன் விளைவித்ததில் ஒரு பங்கை அவனே விற்கலாம் என்று பிடியைத் தளர்த்தியபோதுதான் ஆரம்பமானது. சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் நிகழ்ந்ததில்லை என்று அமர்த்தியா சென் சுட்டிக்காட்டுவதன் காரணமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பசிச் செய்தி மேலே போகும் வழி அடைபட்டிருக்காது. நாள்பட்ட சத்துக்குறைவை இந்த வழி தானாகத் தீர்த்துவிடவில்லை என்பதையும் அவரே சொல்கிறார்.

கேள்வி (பெரம்பூர் வாசகர்): 1975 நெருக்கடி நிலை மறுபடி வர முடியுமா?

அதே வடிவத்தில் வருவது கடினம். 1975 ஜூன் 25 இரவு, "உள்நாட்டுக் குழப்பம்" என்ற சொல்லை வைத்து, அமைச்சரவை கூடுவதற்கு முன்பே குடியரசுத் தலைவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் கணக்கில், மிசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இந்தியப் பாதுகாப்பு விதிகளிலும் 1,10,806 பேர் அடைக்கப்பட்டார்கள். இங்கே 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்ட பிறகு கைதுகள் குவிந்தன. சென்ட்ரல் எதிரே இருந்த மத்திய சிறையில் நடந்த தாக்குதல்களை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது. அங்கே அடைபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். சட்டவிரோதமாக அடைத்தாலும் நீதிமன்றம் போக முடியாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று எனத் தீர்ப்பளித்தது. அந்த ஒருவர் நீதிபதி எச்.ஆர். கன்னா.

1978-ல் 44-ஆம் திருத்தம் பல கதவுகளை அடைத்தது. "உள்நாட்டுக் குழப்பம்" போய் "ஆயுதக் கிளர்ச்சி" வந்தது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வேண்டும். ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு ஏற்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மக்களவையில் பத்தில் ஒரு பங்கினர் எழுதிக் கொடுத்தால் அதை நீக்குவது பற்றிச் சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும். உயிர் வாழும் உரிமையைத் தரும் 21-ஆம் பிரிவை எந்த நெருக்கடியிலும் நிறுத்த முடியாது. திறந்தே இருக்கும் கதவு தடுப்புக்காவல். 22-ஆம் பிரிவு அதை இன்றும் அனுமதிக்கிறது. நெருக்கடி நிலை அறிவிக்காமலே விசாரணையின்றி மாதக்கணக்கில் ஒருவரை அடைக்கலாம். எங்கள் கவலை அங்கேதான்.

கேள்வி (எண்ணூர் வாசகர்): எங்கள் கொள்ளுத் தாத்தாவை மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் போடப் பிடித்துப் போனார்களாம். அவர் தம்பி பிரிட்டிஷ் பட்டாளத்தில் பர்மாவில் இறந்தார். இருவர் பெயரும் எங்காவது இருக்குமா?

தம்பியின் பெயர் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்கள் அதில் இருப்பார்கள். பெயரை ஒரே எழுத்துக்கூட்டில் தேடி நிறுத்திவிடாதீர்கள். முனுசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதியிருப்பார்கள், பெயரின் முதல் பாதியை மட்டும் போட்டுத் தேடுங்கள். பிறகு படை, இறந்த ஆண்டு, நாடு என்று வடிகட்டுங்கள். தமிழர்கள் மிகுதியாக இருந்தவை மெட்ராஸ் ரெஜிமென்ட், மெட்ராஸ் சாப்பர்ஸ், பயனியர் படை. குறிப்பில் தந்தை பெயரும் ஊரும் இருந்தால் அதை வைத்து உறுதி செய்யுங்கள். கல்லறை இல்லை என்றால் கலங்க வேண்டாம். எரியூட்டப்பட்ட இந்துப் படைவீரர்களின் பெயர் நினைவுச் சுவரிலோ தூணிலோதான் இருக்கும். பர்மாவில் அது ரங்கூன் அருகே தாவ்க்யானில், 27,000 பெயர்களோடு இருக்கிறது. நேதாஜியின் படையில் இறந்தவர்கள் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள்.

கொள்ளுத் தாத்தாவின் நிலை வேறு. அது சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல், அதில் பன்னிரண்டாயிரம் பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் வரை, இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் என்று மதிப்பீடு. கைதிகளோடு அவர்களுடைய படை மருத்துவர்களும் ஒழுங்கும் இருந்தன. தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார்கள், கழிப்பிடத்தைத் தள்ளி வெட்டினார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு இவற்றை ஏற்பாடு செய்ய யாரும் இல்லை. காலரா வந்தபோது முகாம் முகாமாக அழிந்தது அதனால்தான். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளுக்கு ஆளுக்கொரு கல் இருக்கிறது. நம்மவர்களுக்கு அப்படி இல்லை.

தேடுவதானால் அவர் மலாயா போனதிலிருந்து தொடங்குங்கள். தோட்டத்தின் பெயர், மாநிலம், அழைத்துப் போன கங்காணியின் பெயர், கப்பல் ஏறியது சென்னையா நாகப்பட்டினமா: இவற்றில் எது கிடைத்தாலும் முதலில் எழுதி வையுங்கள். வீட்டிலுள்ள பழைய கடிதங்களின் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தோட்டத்து முகவரியும் அஞ்சல் முத்திரையும் அதில்தான் இருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் குடியேற்றம் தொடர்பான அரசு ஆணைகளைப் பார்க்க, அடையாளச் சான்றோடு ஆய்வாளர் விண்ணப்பம் தர வேண்டும். தோட்டத்தின் பெயர் உறுதியானால் கோலாலம்பூரிலுள்ள மலேசிய தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். எழுதும்போது தோட்டத்தின் பழைய ஆங்கிலப் பெயரோடு, அங்குள்ள தமிழர்கள் அதை அழைத்த பெயரையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.